குறைந்தபட்சக் கூலி: ஓர் அறிக்கையும் ஒரு மலைக் கிராமமும்

கூலியைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எண்களில் தொடங்கி எண்களிலேயே முடிந்துவிடுகின்றன. நாளொன்றுக்கு எத்தனை ரூபாய் என்பதே கேள்வியாகவும் விடையாகவும் நின்றுவிடுகிறது. அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது, எவருடைய வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டு கணக்கிடப்பட்டது, எந்த ஊரில் நின்று பார்த்தால் அது நியாயமாகத் தோன்றும் என்ற கேள்விகளை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். அக்கேள்விகளை ஓர் அறிக்கையின்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேசியக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் வழிமுறையை வகுக்குமாறு மத்திய அரசு 2017இல் அமைத்த, அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு 2019இல் அளித்த அறிக்கையே அது. ஆண்டுகள் சில கடந்திருப்பினும் அதனை இன்று மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டிய தேவை எழுந்துள்ளது. 2019ஆம் ஆண்டின் கூலிச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அத்துடன் விடைபெற்றது. எந்த மாநிலமும் எதற்குக் கீழே இறங்கக் கூடாதோ, அந்தத் 'தரைக் கூலி'யை மத்திய அரசே அறிவிக்கும் என்றும், வெவ்வேறு புவியியற் பகுதிகளுக்கு அதனை வெவ்வேறாக அறிவிக்கலாம் என்றும் புதிய தொகுப்பு கூறுகிறது. எனவே பகுதி என்றால் என்ன, எந்த அடிப்படையில் ஒரு பகுதியின் கூலி மற்றொன்றைவிடக் குறையலாம் என்பன இனி ஏட்டுக் கேள்விகள் அல்ல.

இவ்வறிக்கையைப் படிப்பதற்கு நாம் தேர்ந்துகொண்ட இடம் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேடு. ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சமவெளிக்கு இறங்கும் பாதையில் அமைந்த மலைக் கிராமம் அது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அன்று முதல் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இங்குள்ள உழைப்பின் வரலாறு காப்பியின் வரலாறாகவே இருந்து வருகிறது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அராபிகாச் செடிகள், மரங்களில் படரும் மிளகுக் கொடிகள், இடையிடையே ஆரஞ்சும் பலாவும் என்பது இம்மலையின் பொதுவான தோட்டக் காட்சி. பெருந்தோட்டங்களும் உண்டு, மலையாளிப் பழங்குடி மக்களின் சிறு காணிகளும் உண்டு. சட்டத்தின் கண்ணில் இவ்வூர் புதியதன்று. சின்கோனா, ரப்பர், தேயிலை, காப்பி ஆகியன பயிராகும் தோட்டங்களின் வேலை, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்தது. குறைந்தபட்சக் கூலி என்ற கருத்து சுதந்திர இந்தியாவில் பிறந்தபோதே காப்பித் தோட்டத் தொழிலாளி அதற்கு உரியவராகக் கருதப்பட்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சத்பதி குழுவின் அறிக்கையைக் குறைகூறுமுன் அதன் சிறப்புகளை ஒப்புக்கொள்வது நேர்மை. அதுவரை மத்திய அரசு அறிவித்து வந்த தேசியத் தரைமட்டக் கூலி சட்டத்தின் வலுவற்ற ஓர் அறிவுரை மட்டுமே. 1996இல் 35 ரூபாயாகத் தொடங்கிய அது 2017இல் 176 ரூபாயை எட்டியிருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் உணவுக் கணக்கு ஏதும் இல்லை. சத்பதி குழு ஒரு கணக்கை முன்வைத்தது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி, 50 கிராம் புரதம், 30 கிராம் கொழுப்பு. குடும்பம் என்பது 3.6 நுகர்வு அலகுகள். 2018 ஜூலை விலைவாசியில் இவற்றின் அடக்கம் நாளொன்றுக்கு 375 ரூபாய். எத்தொழிலாயினும், எத்திறனாயினும், நகரமாயினும் கிராமமாயினும் இதுவே அடித்தளம் என்றது குழு. ஒரே எண் வேண்டாமெனில் நாட்டை ஐந்து பகுதிகளாகப் பிரித்து 342 முதல் 447 ரூபாய் வரை நிர்ணயிக்கலாம் என்ற மாற்று வழியையும் கூறியது. தமிழ்நாடு மூன்றாம் பகுதியில் கேரளம், கர்நாடகம், மராட்டியம், குஜராத் ஆகியவற்றுடன் 414 ரூபாய்க்கு உரியதாயிற்று. பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகியவை 342 ரூபாயுடன் கடைநிலையில் வைக்கப்பட்டன.

இவ்வறிக்கைக்கு நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே. அதே 2019 ஜூலையில் மத்திய அரசு தரைமட்டக் கூலியை 178 ரூபாயாக அறிவித்தது. குழு கேட்டது ஏறத்தாழ இருநூறு ரூபாய் உயர்வு. கிடைத்தது இரண்டு ரூபாய். அரசு தானே வேலை கொடுப்போனாக நின்ற இடத்திலும் நிலைமை வேறாக இல்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டிற்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். 2018இன் விலைவாசியில் 414 ரூபாயின்றி ஒரு குடும்பம் வாழ இயலாது என்று வல்லுநர்கள் கணக்கிட்ட மாநிலத்தில், ஏழாண்டுகள் கழித்து அரசின் கூலி அதனைவிட 78 ரூபாய் குறைவாக இருந்தது. ஆகவே அறிக்கையை விமர்சிப்போர், அது மிகையாகக் கேட்டது என்ற பக்கத்திலிருந்து தொடங்க இயலாது. அது கேட்ட முறையில் ஒரு பிழை இருந்தது என்பதே நம் கருத்து; அப்பிழைதான் பின்வந்தோருக்கு வசதியாயிற்று.

முதற் பிழை, இல்லாமையை அளவுகோலாக்கியது. உணவைப் பொறுத்தவரை குழு ஊட்டச்சத்து நெறியொன்றை முன்வைத்தது. ஆனால் உடை, எரிபொருள், கல்வி, மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு நெறி எதையும் வைக்கவில்லை. 2011-12ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வில் நடுநிலைக் குடும்பங்கள் இவற்றிற்கு உண்மையில் எவ்வளவு செலவிட்டன என்று பார்த்து அதையே தேவையாகக் கொண்டது. பிற செலவுகளுக்கு அதனினும் கீழ்த்தட்டை அளவாகக் கொண்டது. இதன் விளைவைச் சிந்திக்க வேண்டும். மருத்துவமனை எட்டாத ஊரில் மருத்துவச் செலவு குறைவாகவே பதிவாகும். மேல்நிலைப் பள்ளி தொலைவிலுள்ள ஊரில் கல்விச் செலவு குறைவாகவே பதிவாகும். செலவு செய்ய வழியில்லாததைச் செலவு தேவையில்லாததாக எழுதிக்கொள்வது கணக்கு வழுவன்று. அது ஒரு தீர்ப்பு. பின்தங்கிய பகுதியின் பின்தங்கிய நிலையே அப்பகுதிக்குக் குறைந்த கூலி போதும் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு இவ்வகையில் தெளிவாக இருந்தது. மனிதன் இவ்வளவு உண்ண வேண்டும், இவ்வளவு துணி வேண்டும் என்று அது தேவையிலிருந்து தொடங்கியது. 2,700 கலோரி என்பது அதன் நெறி. 1991இல் உச்ச நீதிமன்றம் ரெப்டகோஸ் பிரட் வழக்கில் கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்கென நான்கில் ஒரு பங்கைச் சேர்க்கச் சொன்னதும் அதே வழியில்தான். கூலிச் சட்டத் தொகுப்புக்கென 2020இல் வெளியான வரைவு விதிகள் சத்பதி குழுவின் கணக்கை விட்டு அந்தப் பழைய நெறிக்கே திரும்பியது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் பிழை, பகுதி என்பதை மாநிலம் என்று பொருள்கொண்டது. ஐந்து பகுதிகளும் மாநிலங்களின் தொகுப்புகளே. கோயம்புத்தூரும் கொட்டச்சேடும் ஒரே பகுதி. தமிழ்நாட்டின் சராசரி உயர்ந்திருப்பதற்குக் காரணமான தொழில் நகரங்கள் சமவெளியில் உள்ளன. மலையில் அரிசியும் பருப்பும் ஏற்றுகூலி சேர்ந்த விலைக்கு விற்கின்றன. மழைக்கும் குளிருக்கும் ஏற்ற உடை வேண்டும். நோயாளியைச் சமவெளிக்கு இறக்கிச் செல்ல வண்டி வாடகை வேண்டும். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டுக்குத் தமிழ்நாட்டில் சேலமும் குன்னூரும் மையங்களாக உள்ளன. ஏற்காட்டு மலைக்குத் தனி மையம் கிடையாது. அதன் அடிவாரத்து நகரத்தின் விலைதான் குறியீட்டில் ஏறுகிறது. மாநிலங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைப் பற்றி இவ்வளவு பேசிய அறிக்கை, ஒரு மாவட்டத்திற்குள்ளேயே மலைக்கும் சமவெளிக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைக் காணவில்லை.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகிறது. தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முதலில் இந்தியாவில் தோன்றவில்லை, இலங்கையில் தோன்றியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1929இல் அங்கு நடைமுறைக்கு வந்த கூலியும் பகுதிவாரியாகவே அமைந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. பெண்ணுக்கு முறையே 43, 41, 40. பெண்ணின் உழைப்பைக் குறைத்து மதித்த அச்சட்டத்தை நாம் போற்ற வேண்டியதில்லை. இந்திய அரசின் வற்புறுத்தலால் இயற்றப்பட்ட அதன் கூலியும், 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் குறைக்கப்பட்டது. எனினும் உயரம் ஏற ஏறக் கூலியும் ஏற வேண்டும் என்ற எளிய உண்மையை அந்தக் குடியேற்ற ஆட்சி அட்டவணையிலேயே எழுதிவைத்தது. பகுதிவாரிக் கூலி என்பது தன்னளவில் தவறன்று. வாழ்க்கைச் செலவின் வேறுபாட்டைப் பின்பற்றும் பகுதிவாரிக் கூலி நீதி. வறுமையின் வேறுபாட்டைப் பின்பற்றும் பகுதிவாரிக் கூலி அநீதி. சத்பதி அறிக்கை இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியது.

இனி உற்பத்தித்திறன் வாதத்திற்கு வருவோம். பின்தங்கிய பகுதிகளில் உழைப்பின் உற்பத்தித்திறன் குறைவு, ஆகவே கூலியும் குறைவாகத்தான் இருக்க முடியும், சட்டத்தால் அதை உயர்த்தினால் வேலையே போய்விடும் என்பது நெடுநாள் வாதம். காப்பித் தோட்டத்தில் இவ்வாதத்தைச் சோதித்துப் பார்ப்பது எளிது. பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை கிலோ பறிக்கிறார் என்பது எதனால் தீர்மானிக்கப்படுகிறது? செடியின் வயது, இனம், மார்ச்-ஏப்ரலில் பூ மழை உரிய காலத்தில் பெய்ததா என்பது, நிழல் மரங்களைக் கவாத்து செய்தார்களா என்பது, தண்டுத் துளைப்பான் தாக்கிய செடிகளைக் கண்டறிந்து பிடுங்கி எரித்தார்களா என்பது, சரிவின் செங்குத்து, எத்தனையாவது சுற்றுப் பறிப்பு என்பது ஆகிய அனைத்தும் அவர் கை வேகத்துக்கு முன்பே முடிவாகிவிட்டவை. இந்தியாவில் ரொபஸ்டா ஒரு ஹெக்டேருக்குத் தரும் விளைச்சல் அராபிகாவைப்போல இரு மடங்குக்கும் மேல். அதனால் ரொபஸ்டாப் பகுதித் தொழிலாளியைச் சேர்வராயன் மலைத் தொழிலாளியைவிட இரு மடங்கு உழைப்பாளி என்று எவரும் கூறார். உற்பத்தித்திறன் என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி முதலீட்டின் திறன். அதற்குரிய பழி மட்டும் உழைப்பவர் தலையில் விழுகிறது.

இதற்கு மறுதலையான உண்மையும் உண்டு. கூலி மலிவாயிருக்கும் வரை தோட்டத்தைச் சீரமைக்க எவருக்கும் அவசரம் எழாது. முதிர்ந்த செடிகளை மாற்றுவதற்கும் நீர்ப்பாசனம் அமைப்பதற்கும் பணம் வேண்டும். குறைந்த விளைச்சலைக் குறைந்த கூலியால் ஈடுகட்ட முடிந்தால் அந்தப் பணத்தைப் போடுவானேன்? நல்ல உணவு பெறாத உடல் நல்ல உழைப்பைத் தர இயலாது என்பதைப் பொருளியல் மொழியில் 1957இலேயே ஹார்வி லெய்பன்ஸ்டைன் எடுத்துரைத்தார். கூலிக்கும் திறனுக்குமான உறவு ஒருவழிப் பாதையன்று. குறைந்த திறனால் குறைந்த கூலி என்ற வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலும் அதே அளவு உண்மை கிடைக்கிறது.

ஆயினும் கூலியை உயர்த்திவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. அண்மைக் காலத்து இரு நிகழ்வுகள் இதனைக் காட்டுகின்றன. 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், நிறுவப்பட்ட தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுப் 'பெண்பிளை ஒருமை' என்ற பெயரில் தெருவுக்கு வந்தனர். 232 ரூபாயாயிருந்த நாட்கூலியை 500 ஆக்குமாறு கேட்டனர். அக்டோபரில் எட்டப்பட்ட உடன்பாட்டில் தேயிலைத் தொழிலாளியின் கூலி 301 ரூபாயாயிற்று. ஆனால் அன்றாடம் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் நாட்கூலி ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. ஒரு கிலோவுக்குரிய கூலியோ 9 விழுக்காடே உயர்ந்தது. இலங்கையில் 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 1,000 ரூபாய் சட்டமாக்கப்பட்டபோது தோட்டக் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பறிக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டதென்றும், எட்டாதவர்களுக்கு 'அரைப்பேர்' போடப்பட்டதென்றும் மலையகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அங்கு 2024இல் 1,350 ரூபாய் நிர்ணயமானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் கம்பெனிகள் 1,550 ரூபாயும் அரசு வருகை ஊக்கத்தொகையாக 200 ரூபாயும் தருவதென அறிவிக்கப்பட்டது. எண் ஏறிக்கொண்டே போகிறது. கிலோவைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. வேலையளவைக் கட்டுப்படுத்தாமல் கூலியை மட்டும் நிர்ணயிக்கும் சட்டம் ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் எடுக்க அனுமதிக்கும் சட்டமாகும். காப்பியில் இது மேலும் நுட்பமானது. பறிப்புப் பருவத்தில் கிலோக் கணக்கில் கூலி பேசும் வழக்கம் உள்ள இடத்தில், நல்ல விளைச்சலின் முதற் சுற்றில் கை நிறையக் கிடைக்கும். செடியில் பழம் அருகிய கடைசிச் சுற்றில் நாளெல்லாம் உழைத்தாலும் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி தேறாது. துண்டுக் கூலிக்கும் நாட்கூலியின் அடித்தளம் பொருந்தும் என்று பழைய சட்டமும் கூறியது, புதிய தொகுப்பும் கூறுகிறது. அதனை எடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆய்வாளர் மலையேறி வரவேண்டும் என்பதே சிக்கல். சத்பதி அறிக்கை கலோரியை ஒரு தசமத்துக்கும் பிசகாமல் கணக்கிட்டது. வேலையளவைப் பற்றி அத்தகைய கணக்கு எதையும் அது முன்வைக்கவில்லை.

வேலை போய்விடும் என்ற அச்சத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அதனை அண்டையிலுள்ள பென்சில்வேனியாவுடன் ஒப்பிட்டு ஆய்ந்த டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் வேலைவாய்ப்புக் குறைந்ததற்குச் சான்றில்லை என்று 1994இல் காட்டினர். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது ஜெர்மனியின் அனுபவம். 2015 ஜனவரி முதல் அந்நாடு மணிக்கு 8.50 யூரோ என்ற ஒரே கூலியைச் செழித்த மேற்கிற்கும் நலிந்த கிழக்கிற்கும் பொதுவாக வைத்தது. கிழக்கில் வேலையிழப்பு பெருகும் என்று பலர் எச்சரித்தனர். பின்னர் வந்த ஆய்வுகளோ பகுதிகளுக்கிடையிலான கூலி இடைவெளி குறைந்ததென்றும், வேலைவாய்ப்பு அதனால் சரியவில்லை என்றும், குறைந்த கூலி பெற்றோர் திறன் மிக்க நிறுவனங்களுக்கு இடம்பெயர்ந்தனர் என்றும் கண்டன. பின்தங்கிய பகுதிக்குக் குறைந்த தரை வேண்டும் என்ற வாதத்திற்கு இது வலுவான மறுப்பு.

எனினும் ஜெர்மனியின் பாடத்தை அப்படியே மலைக்கு ஏற்றிக் கொண்டுவர இயலாது. அங்கே தொழிலாளி நல்ல நிறுவனத்திற்குப் பெயர்ந்தார். கொட்டச்சேட்டில் நல்ல நிறுவனத்திற்குப் பெயர்வது என்றால் மலையை விட்டு இறங்குவது என்று பொருள். சேலத்துக்கும் திருப்பூருக்கும் இறங்குவோர் தம் வருவாயைப் பெருக்கிக்கொள்ளலாம். ஊரோ இளைய கைகளை இழக்கிறது. தமிழ்நாட்டின் மலைகளிலிருந்து இறங்கியோர் அனைவருக்கும் தறிக்கூடமும் பனியன் தொழிற்சாலையும் வாய்க்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களுள் சவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர் இருந்தனர். செம்மரம் வெட்டக் கொடுக்கும் கூலி ஏன் அவர்களை ஈர்த்தது என்ற கேள்வியைச் சொந்த மலையில் கிடைத்த கூலியோடு சேர்த்தே கேட்க வேண்டும். பகுதி ஏற்றத்தாழ்வு என்பது புள்ளிவிவரப் பட்டியலின் இரு வரிசைகளுக்கு இடையிலான தொலைவு மட்டுமன்று. சில வேளைகளில் அது உயிரின் விலையும் ஆகும்.

மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இரு மரபுகளின் சிந்தனை நமக்கு உதவுகிறது. கூலி பேசப்படாத உழைப்புக்கு 'உஜ்ரத்துல் மிஸ்ல்', அதாவது அதே காலத்தில் அதே இடத்தில் அவரை ஒத்த ஒருவர் பெறும் நிகர்க் கூலி, உரியது என்பது ஃபிக்ஹ் நூல்களில் நிலைபெற்ற விதி. மக்களுக்கு ஒரு தொழிலாளரின் உழைப்பு இன்றியமையாததாகும்போது ஆட்சியாளர் தலையிட்டு இரு தரப்புக்கும் இந்நிகர்க் கூலியை விதிக்கலாம் என்று ஹிஸ்பா பற்றிய நூலில் இப்னு தைமிய்யா வாதிட்டார். ஆனால் நிகர் என்பதை எந்தச் சந்தையில் தேடுவது? கூலிக்கு ஆளெடுப்போர் ஓரிருவரே உள்ள மலையில் வழக்கிலுள்ள கூலி என்பதே அவர்கள் வைத்த கூலிதான். 1933இல் ஜோன் ராபின்சன் இந்நிலையை ஆராய்ந்து, உழைப்பை வாங்குவோர் ஒருவராயிருக்கும் சந்தையில் கூலி உழைப்பின் பயனைவிடத் தாழ்ந்தே நிற்கும் என்றும், அங்கே சட்டம் விதிக்கும் கூலி வேலையைக் குறைக்காமலேயே கூட்டவும் கூடும் என்றும் காட்டினார். ஆகவே நிகர்க் கூலியை இடத்தோடு பிணைத்த ஃபகீஹ்களின் சொல்லை இன்று பொருள்கொள்வோர், அந்த இடத்தின் சந்தை சுதந்திரமானதா என்று முதலில் கேட்டாக வேண்டும். கட்டாய உழைப்பை நாகரிகத்தை அழிக்கும் பெருங்கொடுமைகளுள் ஒன்றாக இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எண்ணினார். உழைப்பின் பயன் பறிபோகும் என்று அறிந்தவன் உழைப்பதையே விட்டுவிடுவான் என்பது அவர் கண்ட காரணம். அதுவும் உற்பத்தித்திறனைப் பற்றிய பேச்சுத்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கூலி கொடுத்து வாங்கும் உழைப்பு அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் கூறியபோது, அந்தப் பழைய சிந்தனையின் அருகேதான் வந்து நின்றது.

தோட்ட உரிமையாளர் தரப்பையும் நாம் செவிமடுக்க வேண்டும். காப்பியின் விலை ஏற்காட்டில் தீர்மானிக்கப்படுவதில்லை. நியூயார்க் சந்தையில் தீர்மானிக்கப்படுகிறது. 2001இல் அராபிகா ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தது. 2025 பிப்ரவரியில் அதுவே 4 டாலரைத் தாண்டியது. இவ்வளவு ஆடும் விலையின் மீது ஆடாத கூலியை எவ்வாறு நிறுத்துவது என்பது பொருளற்ற கேள்வியன்று. காப்பி வாரியம் விளைச்சலை ஒன்றுதிரட்டி விற்ற பழைய முறை 1996இல் முற்றிலும் முடிவுக்கு வந்தபின் வீழ்ச்சியின் சுமையைச் சிறு விவசாயி தனியாகவே தாங்குகிறார். இந்தியக் காப்பிக் காணிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் சிறு காணிகள். அவர்களுள் பலர் பருவத்தில் கூலி கொடுப்போராகவும் மற்ற நாட்களில் கூலி வாங்குவோராகவும் இருக்கக்கூடியவர்கள்.

ஆனால் இவ்வாதத்திலிருந்து வரும் முடிவு கூலியைக் குறைப்பதாக இருக்க முடியாது. குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நீடிக்கும் உரிமை இல்லை என்று 1957இல் கிரவுன் அலுமினியம் வழக்கிலும், முதலாளியின் கொடுக்கும் சக்தி இவ்விடத்தில் பொருட்டன்று என்று 1961இல் உன்னிச்சோயி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. விலை வீழ்ந்தபோது கூலியால் தாங்க முடியாது என்றோர், விலை எட்டு மடங்கு ஏறியபோது கூலியும் தானே ஏற வேண்டும் என்று கூறவில்லை. குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி நுகர்வோர் விலையைத் தொடர்கிறது. காப்பி விலையைத் தொடர்வதில்லை. இழப்பில் மட்டும் பங்குகொள்ளுமாறு தொழிலாளியை அழைப்பது கூட்டாண்மை ஆகாது. சிறு விவசாயிக்குத் தேவைப்படுவது விலை வீழ்ச்சிக் காலத்தில் கைகொடுக்கும் ஒரு நிதி, மறுநடவுக்கு மலிவுக் கடன், பழத்தை நல்ல விலைக்கு விற்க ஒரு கூட்டுறவு. இவற்றை அரசு செய்யாமல் விட்டு, அந்தச் செலவைக் கூலி வாங்கும் பெண்ணின் கணக்கில் எழுதுவது எளிது. அவர் கணக்கு எழுதுவதில்லை என்பதால் மட்டுமே அது எளிது.

ஆக, புதிய தொகுப்பின்கீழ்த் தரைக் கூலியை நிர்ணயிப்போரிடம் நாம் வைக்க விரும்பும் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, பகுதிவாரியாகப் பிரிப்பதாயின் மாநில எல்லையை விட்டு வாழ்க்கைச் செலவின் எல்லையைப் பின்பற்ற வேண்டும். மலைப் பகுதிகளுக்குத் தனி விலைக் கணக்கு எடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, உணவுக்கு நெறி வைத்ததுபோல் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போக்குவரத்துக்கும் நெறி வைக்க வேண்டும். இல்லாதவர் செலவழிக்காததைப் பார்த்து அவர்களுக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தல் கூடாது. மூன்றாவது, தோட்டப் பயிர்களில் கூலியோடு வேலையளவும் அதே அறிவிக்கையில் நிர்ணயிக்கப்பட வேண்டும். அதனைக் கூட்டுவதாயின் கூலியைக் கூட்டுவதற்குள்ள அதே வழிமுறையின்றிக் கூட்டலாகாது. இம்மூன்றிலும் நிதியை விடக் கவனமே மிகுதியாகத் தேவைப்படும்.

சத்பதி குழுவின் அறிக்கை, இந்நாட்டின் உழைப்பாளி உயிர்வாழ எவ்வளவு தேவை என்ற கேள்வியை மீண்டும் அரசின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதற்காக அதற்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆனால் எங்கே வாழ்வதற்கு, எவ்வளவு உழைத்து என்ற இரு கேள்விகளை அது விட்டுவிட்டது. சேலத்தின் விலைக் குறியீட்டில் தன் அரிசி விலையும், டெல்லியின் கணக்கில் தான் பறித்த கிலோவும் இடம்பெறாத கொட்டச்சேட்டுத் தொழிலாளிக்கு, அவ்விரண்டும் சேர்ந்ததே கூலி. அவற்றைச் சேர்த்து எழுதும் நாள்வரை, தரைக் கூலி என்று அறிவிக்கப்படும் எந்த எண்ணும் மலைக்கு அடிவாரத்திலேயே நின்றுவிடும்.